வலிக்கு எட்டு மார்க்

என் கால் வலியை முதன்முதலில் நம்ப மறுத்தது எக்ஸ்ரே படம். மனிதர்கள் அதற்குப் பின்னால்தான் வரிசையில் வந்து நின்றார்கள்.

சமீபத்தில் எங்கள் வீதியில் இருக்கும் ஓர் அம்மா என்னைப் பார்க்க வந்தார். அவருடைய மகனுக்கு மணிக்கட்டில் அடிபட்டு, காயம் ஆறியும் வலி போகவில்லையாம். "ஏனுங்க, உங்களுக்குச் சின்ன வயசுல கால்ல இப்படித்தான் இருந்துச்சாமா. நெசமாலுமே வலிக்குங்களா, இல்ல பசங்க சும்மா சொல்லுதுகளா?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. காப்பி கொடுத்த பிறகுதான் கோபப்பட்டேன். அன்று அவரிடம் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

அப்போது நான் பெருமாநல்லூரில் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். பனியனுக்கு வெளிநாட்டு ஆர்டர்கள் குவிந்துகொண்டிருந்த காலம். அப்பா ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஃப்ளோர் மேனேஜர். அம்மா வீட்டிலிருந்தபடியே தைத்த பனியன்களுக்கு நூல் பிசிறு வெட்டிக் கொடுப்பார். பள்ளிக்கூடத்தில் கோ-கோ போட்டியில் விளையாடும்போது எனக்கு இடது கணுக்கால் பிசகியது. அவ்வளவுதான் விஷயம், அதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கும். முதலில் எண்ணெய்க் கட்டு போட்டார்கள். வீக்கம் வடியவில்லை என்று எலும்பு டாக்டர் மாவுக்கட்டு போட்டார். அந்த மாவுக்கட்டைப் பிரித்த அன்றுதான் உண்மையான நோய் ஆரம்பித்தது.

பாதம் நீலம் பாரித்து, வியர்த்து, தொட்டால் சில்லென்று இருந்தது. உள்ளே மட்டும் எரிந்தது. மிளகாய் கிள்ளிய கையைக் கண்ணில் வைத்துவிட்டால் எரியுமே, அந்த எரிச்சல் பாதம் முழுக்க இருந்தது. போர்வை நுனி பட்டால் கத்துவேன். ஃபேன் காற்று பட்டாலும் எரியும். ஊரே பனியன் துணியை நம்பிச் சோறு சாப்பிடும்போது, எனக்கு அந்தத் துணியே ஆகவில்லை. உட்கார்ந்தால் இடது காலை எதிலும் படாமல் அந்தரத்தில் நீட்டிக்கொள்வேன், எழுந்தால் ஒரு காலால் குதித்துக் குதித்துத்தான் வீட்டுக்குள் நடமாடுவேன்.

எலும்பு டாக்டர் மறுபடியும் எக்ஸ்ரே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "எலும்பு ஜம்முனு இருக்குது. பயத்தை விட்டுப்போட்டு நடக்கச் சொல்லுங்க" என்றார். அடுத்த டாக்டர் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, பரீட்சை பயமாக இருக்கும் என்று அம்மாவிடம் ரகசியம் பேசினார். கதவு திறந்தேதான் இருந்தது. அதற்கும் அடுத்தவர் சத்து மாத்திரை எழுதினார். விளையாட்டு வாத்தியார் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டு, போட்டியில் தோற்றதால் வந்த மனக்கஷ்டம் என்று முடிவு சொல்லிவிட்டுப் போனார்.

சேவூரிலிருந்து அத்தை வருவார். அப்பாவின் அக்கா. வரும்போதெல்லாம் நாட்டுக்கோழி கொண்டுவருவார், கூடவே சந்தேகத்தையும் கொண்டுவருவார். "ஏஞ்சாமி, டிவி பாக்கறப்ப மட்டும் வலிக்கறதில்லையாட்ட இருக்குது?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். டிவி பார்க்கும்போதும் வலித்தது. ஆனால் டிவியும் பார்க்காமல் வலிப்பதைவிட டிவி பார்த்துக்கொண்டு வலிப்பது மேல் என்பதை யாருக்கு எப்படிப் புரியவைப்பது?

அத்தைக்கு நான் வாய் திறந்து பதில் சொல்லிவிடுவேன். அப்பாவிடம்தான் முடியவில்லை. அவர் எதுவுமே சொல்ல மாட்டார். எக்ஸ்ரே படத்தைப் பார்ப்பார், என் காலைப் பார்ப்பார், சட்டையை மாட்டிக்கொண்டு கம்பெனிக்குக் கிளம்பிவிடுவார். அப்பா என்னை நம்புகிறாரா இல்லையா என்பதுதான் அந்த நாட்களில் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. வலி குறைவதுகூட எனக்கு அதற்கு அடுத்ததாகத்தான் இருந்தது.

கடைசியில் அவினாசியில் ஒரு டாக்டர் என் காலைத் தொடாமலே, கிட்டத்தில் குனிந்து நன்றாகப் பார்த்தார். இரண்டு பாதங்களின் நிறத்தையும் நகங்களையும் ஒப்பிட்டார். கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வலிக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். வலிக்கென்று ஒரு டிபார்ட்மெண்ட் இருப்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும்.

அங்கே காத்திருக்கும் கூடத்தில் ஒரு விஷயம் கவனித்தேன். யாரும் யாரிடமும் 'என்ன ஆச்சு' என்று கேட்கவில்லை. முதுகைப் பிடித்துக்கொண்டு ஒரு கல்லூரிப் பெண், தலையைச் சுவரில் சாய்த்தபடி ஒரு பையன், அவனுடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவன் அப்பா. என் இடது காலுக்கு முன்னால் யாரும் நடந்துவிடாதபடி அம்மா ஒரு பெட்டியை நகர்த்தி வைத்தார். எதிரே உட்கார்ந்திருந்த வேறோர் அம்மா தன் பையையும் நகர்த்தி அந்த வேலியை முடித்துக் கொடுத்தார். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

டாக்டர் மாலதி சென்னைக்காரர். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். நோயின் நீளமான ஆங்கிலப் பெயரைச் சொன்னார். சி.ஆர்.பி.எஸ். என்று சுருக்கிச் சொல்வார்கள். அடிபட்ட இடம் ஆறிவிடும், ஆனால் அங்கிருந்து வரும் நரம்புகளும் மூளையும் இன்னும் ஆபத்து இருப்பதாகவே நடந்துகொள்ளும். அதனால் சாதாரணத் தொடுதல்கூட வலியாக மாறிவிடும். நிறம், வியர்வை, சூடு எல்லாமே அந்த இடத்தில் மாறும். பிள்ளைகளுக்கும், குறிப்பாக என் வயதுப் பெண்களுக்கும் வருவதுண்டு என்றார்.

அப்பா கேட்டார். "நிட்டிங் மெஷின்ல நூல் அறுந்தா லைட்டு எரிஞ்சு மெஷின் நின்னுக்குமுங்க. சில நேரம் நூல் அறுகாமயே லைட்டு எரியும். அந்த மாதிரிங்களா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான் சார். ஆனா ஒண்ணு. நூல் அறுந்திருக்கோ இல்லையோ, மெஷின் நிஜமாவே நின்னு போச்சு. அது பொய் இல்ல."

அப்பா தலையாட்டினார். எதற்கு ஆட்டினார் என்று எனக்குத் தெரியவில்லை.

என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். அம்மா கூடவே இருந்தார். பிசிறு வெட்டும் வேலை நின்றது. அப்பா கம்பெனியில் முன்பணம் கேட்டிருக்கிறார் என்று அம்மா சொல்லித்தான் தெரியும். மருந்து ஒரு பக்கம் இருந்தாலும் முக்கியமான வைத்தியம் பிசியோதெரபிதான். ஓய்வு கொடுத்தால் சரியாகும் என்று நாங்கள் நினைத்தது தலைகீழ். காலைப் பயன்படுத்தினால்தான், தொட்டுப் பழக்கினால்தான், ஆபத்து இல்லை என்று மூளை மறுபடி கற்றுக்கொள்ளும். அதற்காக மென்மையான துணியிலிருந்து ஆரம்பித்து முரட்டுத் துணி வரைக்கும் பாதத்தில் தடவ வேண்டும். பிசியோதெரபி அக்கா பஞ்சும் ஒரு பழைய துண்டும் வைத்திருந்தார்.

அடுத்த முறை வந்தபோது அப்பா ஒரு பை நிறையத் துணி பிட்டுகள் கொண்டுவந்தார். சிங்கிள் ஜெர்சி, இண்டர்லாக், ரிப், ஃப்ளீஸ், டெர்ரி என்று எல்லாவற்றையும் கைக்குட்டை அளவுக்கு வெட்டி, மெத்தென்றதிலிருந்து சொரசொரப்பு வரை வரிசையாக அடுக்கியிருந்தார். பிரியாதபடி ஓரம்கூட ஓவர்லாக் தையல் அடித்திருந்தது. பிசியோதெரபி அக்கா ஒவ்வொன்றாகத் தன் கன்னத்தில் தேய்த்துப் பார்த்து, "இந்தத் துணியெல்லாம் எந்தக் கடையில சார் கிடைக்கும்?" என்று கேட்டார். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கு அன்று முதல் பிட்டிலேயே உயிர் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கே கேட்கும்படி கத்தினேன். அக்கா நிறுத்தவும் இல்லை, திட்டவும் இல்லை.

கொஞ்ச நாளில் இரண்டாவது துணிக்குப் போனோம். அந்தச் சமயத்தில்தான் டாக்டர் மாலதி ஓர் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். நாள்பட்ட வலி உள்ள பிள்ளைகளின் மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறார்கள். சாதாரண எம்.ஆர்.ஐ. மூளையின் உருவத்தைக் காட்டும். இது அதிலேயே வேறு விதம். தொடும்போது, சில்லென்று எதையாவது வைக்கும்போது, மூளையில் எந்தெந்த இடம் அதிகமாக வேலை செய்கிறது என்று காட்டும். வேலை செய்யும் இடத்துக்கு ரத்தம் கூடுதலாகப் போகும், அதைத்தான் இயந்திரம் பிடிக்கிறது. ஊசி கிடையாது, கதிர்வீச்சு கிடையாது. இதனால் எனக்கு நேரடியாக ஒரு பலனும் இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். பெற்றோர் சம்மதித்தால் போதாது, எனக்கும் விருப்பம் வேண்டும் என்றார். "உனக்கு வேண்டாம்னா வேண்டாம், கவிதா. வைத்தியம் அப்படியேதான் நடக்கும்." என் காலைப் பற்றி அதுவரை யாரும் என் அபிப்பிராயம் கேட்டதில்லை. சந்தோஷத்தில் உடனே சரி என்றேன்.

அப்பா இதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். இது ஏன் என்று விளங்க, அவர் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெளிநாட்டு பையர்கள், அதாவது சரக்கு வாங்குகிறவர்கள், ஆர்டர் கொடுக்கும் முன் கம்பெனியைச் சோதிக்க ஆட்களை அனுப்புவார்கள். ஆடிட் என்று பெயர். சம்பளம் எவ்வளவு, ஓவர்டைம் எவ்வளவு, குடிக்கத் தண்ணீர் உண்டா என்று தொழிலாளிகளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பார்கள். அதற்கு முந்தைய வாரம் முழுக்கத் தொழிலாளிகளுக்குப் பதில் சொல்லிக்கொடுப்பது அப்பாவின் வேலை. வீட்டில்கூட எங்களை உட்காரவைத்து ஒத்திகை பார்ப்பார். முதலுதவிப் பெட்டி எங்கே இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அம்மா சொல்லுவார்.

ஸ்கேனுக்கு முந்தைய நாள் அப்பா என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கண்ணு, வலி எவ்வளவுன்னு ஜீரோவிலிருந்து பத்துக்குள்ள கேப்பாங்களாமா. எட்டுன்னு சொல்லோணும்."

"ஏன் எட்டு?"

"பத்துன்னா சொல்லிக்குடுத்த மாதிரி இருக்கும். அஞ்சுன்னா கண்டுக்க மாட்டாங்க. எட்டு. எப்பக் கேட்டாலும் எட்டு. மாத்தி மாத்திச் சொன்னா பொய்யின்னு எழுதிப்போடுவாங்க."

அம்மாவும், "அப்பா சொல்றதைக் கேட்டுக்கோ சாமி" என்றார்.

எனக்கு உள்ளே ஏதோ அறுந்துவிட்டது. ஆடிட்டுக்குச் சொல்லிக்கொடுப்பது எதற்கு? மறைக்க ஏதாவது இருப்பதால்தானே? அப்படியானால் அப்பாவும் நான் நடிப்பதாகத்தான் நினைக்கிறார். நடிப்பது நடிக்கிறாள், மாட்டிக்கொள்ளாமல் நடிக்கட்டும் என்று பாடம் எடுக்கிறார். அத்தையின் பேச்செல்லாம் சேர்ந்து வலித்ததைவிட இது அதிகமாக வலித்தது. சரி என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் ஸ்கேன் அறைக்குப் போகுமுன் பக்கத்து அறையில் ஓர் ஒத்திகை வைத்தார்கள். இரும்பு எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. உள்ளே இருப்பது பெரிய காந்தம். கூட வந்த அம்மா தாலிக்கொடியில் கோத்திருந்த ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கழற்றக் கழற்ற வந்துகொண்டே இருந்தன. நர்ஸ் சிரித்துவிட்டார். என்னைப் படுக்கவைத்து, டாக்டர் மாலதி ஒரு மெல்லிய பிரஷ்ஷால் காலைத் தொட்டார்.

"எவ்வளவு?"

"எட்டு."

"இப்ப?"

"எட்டு."

"இப்ப?"

"எட்டு."

"கவிதா, இப்ப நான் தொட்டது உன் வலது கால்."

டாக்டர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். கோபிக்கவில்லை. "யார் சொல்லிக்கொடுத்தாங்க?" என்று மட்டும் கேட்டார். அம்மா கதவுப் பக்கம் பார்த்தார். வெளியே நின்ற அப்பாவை உள்ளே கூப்பிட்டார்கள்.

அப்பா மறைக்கவில்லை. "நாந்தானுங்க சொன்னேன். தப்புங்களா?"

"இது ஆடிட் இல்ல சார். பாஸ், ஃபெயில் எதுவும் இல்ல. வலி ஏறி இறங்கும்போது மூளையில என்ன மாறுதுன்னுதான் பார்க்கிறோம். எல்லாத்துக்கும் எட்டுன்னு சொன்னா எதையுமே பார்க்க முடியாது. இவளுக்கு வலிக்குதுன்னு நம்பித்தான் ஆராய்ச்சிக்கே கூப்பிட்டேன்."

"ஒரு படம் குடுத்தீங்கன்னா போதுமுங்க. கேக்கறவங்ககிட்ட எல்லாம் காட்டிப்போடுவேன்."

"ஒரு பிள்ளையோட படத்தை வெச்சு வலி இருக்கு, இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது. நிறையப் பிள்ளைங்க படத்தைச் சேர்த்துப் பார்த்தாத்தான் ஏதோ கொஞ்சம் புரியும். சரி, இவ படத்துல ஒண்ணுமே தெரியலைன்னு வைங்க. வலிக்கலைன்னு சொல்லிடுவீங்களா?"

அப்பா என் பக்கம் திரும்பவில்லை. நான் அங்கே இல்லாத மாதிரியே டாக்டரிடம் பேசினார்.

"அது எப்படிங்க சொல்லுவேன்? இவளுக்கு வலிக்குதுன்னு எனக்குத் தெரியுமுங்க. இங்க வர்றதுக்கு முந்தி, ஒரு மத்தியானம் மாத்திரை போட்டுத் தூங்கிட்டிருந்தா. கம்பெனியில இருக்கறதுலயே மெத்துன்னு இருக்கற பிட்டு ஒண்ணு எடுத்து மெல்ல அந்தக் கால் மேல வெச்சுப் பாத்தனுங்க. தூக்கத்துலயே வெடுக்குன்னு இழுத்து அழுதுபோட்டா. தூக்கத்துல யாராச்சும் நடிப்பாங்களா?"

"அப்புறம் ஏன் சார் சொல்லிக்கொடுத்தீங்க?"

"எங்க தொழில்ல நெசத்தையும் சொல்லிக்குடுத்துத்தானுங்க பேச வெக்கோணும். ஒருக்கா ஆடிட்டுல ஒரு பொண்ணுகிட்ட சம்பளத்துல பி.எஃப். பிடிக்கிறாங்களான்னு கேட்டாங்க. அப்படின்னா என்னன்னு கேட்டுப்போட்டா. நாங்க ஒழுங்காப் பிடிச்சுக் கட்டிட்டுத்தானுங்க இருந்தோம். ஆர்டரே போயிருச்சு. என்ற புள்ளயும் அப்படிப் பயந்து உளறிப்போட்டா என்னங்க பண்றது? இவளை அப்பறம் யாருமே நம்ப மாட்டாங்களே."

எனக்கு வந்தது முதலில் கோபம்தான். தூங்குகிற பிள்ளையின் எரிகிற காலில் துணியைப் போட்டுச் சோதித்த மனிதர்! அதையும் இத்தனை நாள் வாய் திறந்து சொல்லாமல் இருந்திருக்கிறார்! அதே சமயம் நெஞ்சில் இருந்த பாரம் சட்டென்று இறங்கிவிட்டது. அழுதேன். அப்பாவைத் திட்டிக்கொண்டே அழுதேன். "சொல்லியிருக்கலாம்ல, சொல்லியிருக்கலாம்ல" என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னேனாம். டாக்டர் ஒத்திகையை நிறுத்திவிட்டு எல்லோருக்கும் டீ வாங்கிவரச் சொன்னார்.

மதியத்துக்கு மேல் ஸ்கேன் எடுத்தார்கள். பெரிய உருளைக்குள் தலையை அசைக்காமல் படுக்க வேண்டும். காதில் ஹெட்போன் இருந்தும் டகடகவென்று சத்தம் கேட்டது. பனியன் கம்பெனிகளுக்கு நடுவில் வளர்ந்தவளுக்கு அது ஒரு சத்தமா? கையில் ஒரு திருகு குமிழ் கொடுத்தார்கள். வலிக்கு ஏற்பத் திருகினால் கண்ணெதிரே கண்ணாடியில் தெரியும் கோடு ஏறும், இறங்கும். வலது காலில் பிரஷ் பட்டபோது கோட்டைக் கீழேயே வைத்தேன். இடது காலில் பட்டபோது ஏழு வரை ஏற்றினேன். எடுத்ததும் மெல்ல இறக்கினேன். சில்லென்று ஒன்றை வைத்தபோது ஒன்பதரைக்குப் போனது. என் வலியை நானே கையால் வரைந்து காட்டுவது போலிருந்தது. வலித்துக்கொண்டே இருந்தும் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

வெளியே வந்ததும் அப்பா கேட்டார். "கடைசியில எவ்வளவுதான் கண்ணு வந்துச்சு?"

"சில்லுன்னு வெச்சப்போ ஒம்பதரை."

அவர் பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "நான் எட்டுன்னு கொறச்சுல்ல சொல்லிக்குடுத்துட்டேன்" என்றார். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றேன்.

படத்தில் என்ன தெரிந்தது என்று எல்லோரும் கேட்பார்கள். பிறகு ஒருநாள் டாக்டர் கம்ப்யூட்டரில் காட்டினார். சாம்பல் நிற மூளையில் அங்கங்கே ஆரஞ்சுத் திட்டுகள். பல பிள்ளைகளின் படங்களைச் சேர்த்துப் பார்க்கும்போது, தொடுதலை உணரும் இடத்தோடு பயத்துக்கும் கவனத்துக்கும் வேலை செய்யும் இடங்களும் சேர்ந்துகொள்கிற மாதிரி தெரிகிறது, இன்னும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். பிள்ளைகளின் மூளை வளர்ந்துகொண்டே இருப்பதால் வலியைக் கற்றுக்கொண்டதுபோல மறக்கவும் வாய்ப்பு அதிகம் என்று நம்புவதாகவும் சொன்னார். அதில் என்னுடைய திட்டு எது என்று கேட்டேன். எல்லாம் சேர்ந்த படமாம், தனியாகப் பிரித்துக் காட்ட முடியாதாம்.

நான் ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்தேன். துணி பிட்டுகளில் ஃப்ளீஸ் வரை தாங்க முடிந்தது. டெர்ரி இன்னும் முடியாது. பாதத்தைத் தரையில் வைத்து நாலு அடி நடப்பேன், அப்புறம் உட்காருவேன். முழுசாகச் சரியாக இன்னும் பல மாதம் ஆயிற்று. அதிலும் நல்ல நாள், கெட்ட நாள் என்று மாறி மாறி வந்தது. என்னைப் பார்க்க வந்த எங்கள் வீதி அம்மாவிடம் இதை அழுத்திச் சொன்னேன். ஒருநாள் நடந்த பிள்ளை மறுநாள் நடக்கவில்லை என்றால் முதல் நாள் நடித்தது என்று அர்த்தமில்லை.

வீட்டுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை சேவூர் அத்தை கோழியோடு வந்துவிட்டார். என் ஊன்றுகோலைப் பார்த்தார், காலைப் பார்த்தார். பிறகு அப்பாவிடம் திரும்பினார்.

"ஏன்டா, அத்தனை பெரிய ஆஸ்பத்திரி, மூளையவே படம் புடிச்சாங்களாமா. வலி இருக்குதுன்னு வந்துச்சா, இல்லையா? அந்தப் படத்தைக் கொண்டா, பாக்கலாம்."

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். அப்பா கோழியின் கால்கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவிழ்த்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"படம் எதுக்குக்கா? வலிக்குதுன்னு புள்ளயே சொல்லுதே."

அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்பா அதற்குள் கோழியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். அன்றைக்கும் என் கால் எரிந்துகொண்டுதான் இருந்தது. நான் டிவியைப் போட்டு, அத்தைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன்.